மம்சாபுரம் மலையடியில் மூன்று நாள் கேரவன், காணாமல் போன துரை

போனவர்கள்: நான், என் கணவர், மகள் கோமதி, கேரவன் ஓட்டுநர் சரவணன், எங்கள் நாய் துரை. திரும்பி வந்தவர்களில் துரை இல்லை.

கேரவன் வண்டியில் குடும்பமாகப் போய்த் தங்குவது எப்படி, எவ்வளவு ஆகும் என்று போன பதிவின் கீழே சிலர் கேட்டிருந்தீர்கள். போய் வந்து எழுதுகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். அதனால் தூரம், நேரம், செலவு எல்லாவற்றையும் ஒழுங்காகவே எழுதுகிறேன். ஆனால் இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் துரைதான். செலவை மட்டும் பார்த்துவிட்டுப் போகாமல் கடைசி வரை படியுங்கள் என்று கும்பிட்டுக் கேட்கிறேன்.

என் கணவர் போலீஸில் இருந்து இந்த ஜூன் மாதம் ஓய்வு பெற்றார். எந்த ஊர்த் திருவிழா என்றாலும் அவருக்குப் பந்தோபஸ்து வேலை. ஆண்டாள் தேரோட்டத்துக்கு எத்தனையோ வருடம் போயிருக்கிறார். ஆனால் தேருக்கு முதுகைக் காட்டி, ஜனங்களைப் பார்த்துக்கொண்டுதான் நிற்க வேண்டும். "ஒரு தடவையாவது கூட்டத்துக்கு முதுகைக் காட்டிட்டுச் சாமியப் பாக்கணும்ட்டி" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். புரட்டாசி சனிக்கிழமையில் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தில் திருவண்ணாமலை என்று சொல்லும் குன்றில் இருக்கும் பெருமாளைப் பார்க்கலாம், அப்படியே மலையடியில் இரண்டு ராத்திரி நிம்மதியாகத் தங்கலாம் என்று முடிவு செய்தோம்.

லாட்ஜில் நாயைச் சேர்க்க மாட்டார்கள். துரையை யாரிடமும் விட்டுவிட்டுப் போகவும் முடியாது. அதனால்தான் கேரவன்.

துரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐந்து வருடத்துக்கு முன்னால் ராஜபாளையத்தில் குட்டியாக வாங்கியது. முழு வெள்ளை, மூக்கு இளஞ்சிவப்பு, வயிறு ஒட்டிய உயரமான உடம்பு. வாங்கி வந்த வருடம் தீபாவளிக்கு எங்கள் தெருவே அதிர வெடி போட்டார்கள். குட்டி வாசலில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. "எம்புட்டுத் தைரியம் பாத்தியா, போலீஸ்காரன் வீட்டு நாய்னா சும்மாவா" என்று இவர் தெரு முழுக்கப் பெருமை அடித்தார். மறுநாள் டாக்டர் பார்த்துவிட்டு, பிறவியிலேயே இரண்டு காதும் கேட்காது என்றார். தூய வெள்ளை நாய்களில் சிலவற்றுக்கு அப்படி அமையுமாம்.

"காது கேக்காத நாய்க்குப் பேரு எதுக்குப்பா?" என்று கோமதி கேட்டாள்.

"எங்க பெரிய அதிகாரிகளுக்கும் நாங்க சொன்னது கேக்காது. தொரைன்னு வைப்போம்" என்றார்.

அவர் அதிகம் பேசாத மனிதர். ஆனால் துரையிடம் மட்டும் நாள் முழுக்கப் பேசுவார். வீட்டுக்குள் அவனைக் கூப்பிட வேண்டுமானால் தரையில் காலால் ஓங்கி ஒரு உதை. அதிர்வு தெரிந்து ஓடி வருவான். வெளியில் போகும்போது அது ஆகாது. அதற்காகக் கோமதி ஒரு கருவி வாங்கி, அவனுடைய தோல் பட்டையில் கோத்து வைத்தாள். தீப்பெட்டி அளவுதான். நம் கையில் இருக்கும் பொத்தானை அழுத்தினால் கழுத்தில் உர்ரென்று அதிரும். வலிக்காது. அதிர்ந்ததும் எங்கே இருந்தாலும் திரும்பி எங்கள் முகத்தைப் பார்க்க வேண்டும், கையை ஆட்டினால் வர வேண்டும் என்று பொறுமையாகப் பழக்கியிருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை 6:40க்கு விருதுநகர் வீட்டு வாசலில் இருந்து கிளம்பினோம். கேரவன் மதுரையில் எடுத்தது. ஒரு நாள் வாடகை 9,500 ரூபாய், ஓட்டுநர் படி தனியாக 600. ஒரு நாளைக்கு நூறு கிலோமீட்டர் வரை டீசல் அவர்களுடையது. கவனியுங்கள், மதுரையில் இருந்து நம் வீட்டுக்கு வரும் தூரமும் நம் கணக்கில்தான் ஏறும். உள்ளே இரண்டு கட்டில், சின்ன ஃபிரிட்ஜ், கேஸ் அடுப்பு ஒன்று, கழிப்பறை, ஏசி. கழிப்பறையில் தண்ணீரைப் பார்த்துப் பார்த்துச் செலவழிக்க வேண்டும்.

சிவகாசி வழியாக ஸ்ரீவில்லிபுத்தூர் 46 கிலோமீட்டர், 8:10க்குப் போய்விட்டோம். வண்டியைக் கோயில் பக்கம் திருப்ப முடியாமல் பேருந்து நிலையத்துக்குத் தள்ளி நிறுத்தி, ஆட்டோவில் போனோம். ஆட்டோ 60 ரூபாய். ஆண்டாளை நின்று நிதானமாகச் சேவித்தோம். கோமதி வண்டியில் துரையோடு இருந்தாள், நாங்கள் வந்த பிறகு அவள் போய் வந்தாள். பால்கோவா கால் கிலோ 95 ரூபாய். துரைக்கு இனிப்பு ஆகாது என்று நான் சொல்லச் சொல்ல, இவர் விரலில் தொட்டு நக்கக் கொடுத்தார்.

அங்கிருந்து ராஜபாளையம் 12 கிலோமீட்டர். அய்யனார் கோயில் சாலையில் போனால் மலை நேரே முன்னால் வந்து நிற்கும். மேகம் அதன் இடுப்பளவுக்கு இறங்கியிருந்தது. வனத்துறைச் சாவடிக்கு மேல் நாயைக் கொண்டுபோகக் கூடாது. ஆகவே நாங்கள் உள்ளே போகாமல், வெளியே ஒரு வாய்க்கால் ஓரம் வண்டியை நிறுத்தி, மோர்க்குழம்பும் உருளைக்கிழங்குப் பொரியலும் செய்து சாப்பிட்டோம். துரை வாய்க்காலில் இறங்கி, தண்ணீரைப் பல்லால் கடித்துக் கடித்து விளையாடினான். இவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கூடவே இறங்கினார். முப்பது வருடத்தில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

மாலை 4:50க்கு மம்சாபுரம் தாண்டி, மலையடியில் உள்ள ஒரு மாந்தோப்புக்கு வந்தோம். தோப்பில் வண்டி நிறுத்த ஒரு ராத்திரிக்கு 1,500 ரூபாய். மோட்டார் ரூமில் இருந்து கரண்ட், பம்புசெட்டில் குளியல் எல்லாம் அதில் அடக்கம். கிளைகள் தாழ்வாக இருந்ததால் வண்டியைத் திருப்பவே அரை மணி ஆனது. "சார், இது வண்டி இல்ல, கல்யாண மண்டபம். திருப்பணும்னா தாம்பூலம் வச்சுத்தான் அழைக்கணும்" என்றார் சரவணன். தோப்பைப் பார்த்துக்கொள்ளும் பேச்சியம்மாள் வந்து வண்டிக்குள் எட்டிப் பார்த்து, "அடுப்பு, கட்டிலு, கக்கூஸு எல்லாம் ஒரே ரூம்புலயா? இதுக்கு நாளைக்கு ஒம்பதாயிரமா? எங்க வீடும் இப்டித்தான் இருக்கு, வாரியளா?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தோம்.

அவள் கேலியாகச் சொன்னதுதான் எனக்கு வினையாக வந்து முடிந்தது. எங்கள் வீட்டில் புரட்டாசி சனிக்கிழமைகளில் பூஜை அறைக்குள் தோல் சாமான் எதுவும் போகாது. இவருடைய பெல்ட், பர்ஸ் எல்லாம் அன்றைக்கு வாசல் பக்க அலமாரியில் கிடக்கும். வீட்டில் துரைக்குப் பட்டை போடுவதே இல்லை, ஆகவே இந்த நியமம் அவனைத் தொட்டதும் இல்லை. கேரவனில் பெருமாள் படத்தை அடுப்புக்கு மேல் தட்டில் வைத்திருந்தேன். வண்டியே ஒரே அறை. வீட்டில் பூஜை அறைக்கு மட்டும் இருந்த நியமம் இங்கே வண்டி முழுவதுக்கும் என்று ஆக்கிவிட்டேன்.

சனிக்கிழமை காலை குளித்து, விளக்கேற்றும் முன் எல்லோருடைய தோல் சாமானையும் கழற்றி, செருப்புப் பையில் போட்டு, வண்டிப் படிக்குக் கீழே வைத்தேன். துரையின் பட்டையையும் கழற்றினேன்.

"அம்மா, அவனுக்குக் காது கேக்காதுன்னு பெருமாளுக்கும் தெரியும்மா" என்றாள் கோமதி.

"இன்னைக்கு ஒருநாள்தானடி. நாளைக்குப் போட்டுக்க."

இவர் கைக்கடிகாரத்தின் தோல் வாரையும் கழற்றிக் கொடுத்துவிட்டு, "உங்க அம்மா சட்டத்துல ஜாமீன் கெடையாதுட்டி" என்றார்.

பட்டைக்குப் பதிலாக என் பழைய நூல் சேலையைக் கிழித்து, முறுக்கி, துரையின் கழுத்தில் கட்டி, மறுமுனையைக் கோமதி கையில் கொடுத்தேன். வெளுத்த சேலைதான். இற்றுப்போயிருக்கும் என்று யோசிக்கவில்லை.

திருவண்ணாமலைக்கு நானும் அவரும் மட்டும் 8:30க்குக் கிளம்பினோம். ஆட்டோ போக 150 ரூபாய், வர 200. புரட்டாசிக் கூட்டம் அடிவாரத்திலேயே ஆரம்பித்துவிட்டது. மூங்கில் தடுப்புகளுக்கு நடுவில் இரண்டு மணி நேரம் நகர்ந்து போனோம். சன்னதிக்கு முன்னால் வந்ததும் இவர் நின்றுவிட்டார். பின்னால் இருந்து தள்ளினார்கள். "செத்த நேரம் நிக்கட்டா?" என்று என்னைக் கேட்டார், மேலதிகாரியிடம் அனுமதி கேட்பதுபோல. பக்கத்தில் பணியில் இருந்த போலீஸ்காரத் தம்பிக்கு என்ன தோன்றியதோ, "நில்லுங்க சார்" என்று சொல்லிவிட்டுக் கூட்டத்தை வேறு பக்கம் விலக்கிவிட்டார். இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பெருமாளைப் பார்த்தார். இந்தப் பயணம் வந்ததற்கு இது ஒன்றே போதும் என்று நான் அப்போது நினைத்தேன்.

படியிறங்கிக்கொண்டிருந்தபோது 11:35க்குக் கோமதி ஃபோன் செய்தாள். "அம்மா, தொரை ஓடிட்டாம்மா."

நடந்தது இது. அவள் துரையைத் தோப்பு வரப்பில் நடத்திக்கொண்டு போயிருக்கிறாள். புதரில் இருந்து ஒரு மயில் எழுந்து பறந்திருக்கிறது. ராஜபாளையம் நாய் கண்ணில் பட்டதைத் துரத்தும் ஜாதி. ஒரே இழுப்பு, சேலை நடுவில் அறுந்துவிட்டது. மயில் மரத்தில் ஏறிய பிறகும் அவன் மலையைப் பார்த்து ஓடிக்கொண்டே இருந்திருக்கிறான். கோமதி பின்னால் ஓடினாள். பழக்கத்தில் அந்தப் பொத்தான் கருவியை மணிக்கட்டில் மாட்டியிருந்தாள். அழுத்தினாள். அவன் திரும்பவில்லை. மறுபடி மறுபடி அழுத்தினாள்.

வண்டியைக் கழுவிக்கொண்டிருந்த சரவணன் அங்கிருந்து கத்தியிருக்கிறார்: "தங்கச்சி, இந்தச் செருப்புப் பைக்குள்ள என்னமோ உர்ரு உர்ருங்குது!"

இதை எல்லாம் சொன்ன கோமதி கடைசியில், "பட்டை அவன் கழுத்துல இல்லன்னு தெரிஞ்ச பொறவும் அமுக்குறத நிப்பாட்ட முடியலம்மா" என்று மட்டும் சொன்னாள். என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

நாங்கள் தோப்புக்கு வந்து சேர 12:20 ஆகிவிட்டது. பேச்சியம்மாள் வாய்க்கால் பக்கம் இருந்து ஓடி வந்தாள். "வெள்ளையா ஓடுனது தெரிஞ்சுதுக்கா. ஓடையத் தாண்டுச்சு. நானும் ஏலே ஏலேன்னு தொண்டை கிழியக் கத்துனேன், திரும்பவே இல்லையே."

"அவனுக்குக் காது கேக்காது" என்றேன்.

அவள் வாயில் கையை வைத்துக்கொண்டாள். "காது கேக்காத பிள்ளையையா காட்டோரம் கூட்டியாந்திய?"

ஓடை வரை ஓடினோம். அதற்கு அந்தப் பக்கம் பொட்டல், பொட்டலுக்கு அப்பால் காடு. இவர் அந்த விளிம்பில் நின்று காலால் தரையை உதைத்தார். பிறகு பத்தடி தள்ளிப் போய் உதைத்தார். முழங்கால் வலிக்காரர். முந்தின வாரம் பெய்த மழையில் மண் பொதபொதவென்று இருந்தது. காலைக் கீழே வைத்த சத்தம்கூட எழவில்லை. "அண்ணாச்சி என்ன பண்ணுதாவ?" என்று பேச்சியம்மாள் என்னைக் கேட்டாள். மூன்றரை மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. அவர் மழையிலும் உதைத்துக்கொண்டிருந்தார். கோமதிதான் கையைப் பிடித்துக் கூட்டி வந்தாள்.

வனக்காவலர் ஒருவர் சைக்கிளில் வந்தார். ஓடைக்கு அப்பால் நாங்கள் போக அனுமதி இல்லை, அவர் ரோந்து போகும்போது பார்ப்பதாகச் சொன்னார். நல்ல மனிதர். "ஒளிக்காமச் சொல்லுதேன் சார். இந்தப் பக்கம் சிறுத்தை நடமாட்டம் உண்டு. நாய்னா அதுக்கு ரொம்ப இஷ்டம். பாத்துட்டுச் சொல்லுதோம்" என்றார்.

அவர் போன பிறகு இவர் என்னிடம் சொன்னார்: "பாத்துட்டுச் சொல்லுதோம். பிள்ளையத் தொலைச்சுட்டு ஸ்டேசனுக்கு வாரவங்ககிட்ட நான் காலம் பூரா சொன்னதுட்டி இது. அதுக்கு என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியும்."

ஞாயிற்றுக்கிழமை காலை கேரவனிலேயே தேடக் கிளம்பினோம். மம்சாபுரம் டீக்கடைகள், செண்பகத்தோப்பு சாலை, ஸ்ரீவில்லிபுத்தூர் பேருந்து நிலையம், எல்லா இடத்திலும் கோமதி ஃபோனில் படத்தைக் காட்டினாள். பார்த்தவர்களுக்குக் குறைவே இல்லை. ராஜபாளையத்தைச் சுற்றி வெள்ளை நாயைத் தேடுவதன் கொடுமை அதுதான். "இதே நாயத்தாம்மா பாத்தேன்" என்று ஆளாளுக்கு ஒரு தெருவைக் காட்டினார்கள். போய்ப் பார்த்தால் வேறு யாரோ வீட்டு நாய், சாப்பிட்டுவிட்டு சுகமாகப் படுத்திருக்கும்.

கடைசியில் ஒருவர், தளவாய்புரத்தில் ஒரு வீட்டு வாசலில் புதிதாக ஒரு வெள்ளை நாயைக் கட்டியிருக்கிறார்கள், நேற்று மழையில் வந்து ஒதுங்கியதாம் என்று உறுதியாகச் சொன்னார். போய்ச் சேர மதியம் 1:15. தெருமுனையில் திரும்பும்போதே தெரிந்தது. அதே உயரம், அதே மூக்கு, மழையில் நனைந்த சேறு. கோமதி அழ ஆரம்பித்துவிட்டாள். இவர் கதவைத் திறந்து ஒரு காலைக் கீழே வைத்தார்.

முன்னால் ஒரு ஆட்டுக்குட்டி குறுக்கே வர, சரவணன் ஹாரன் அடித்தார். அந்த நாய் சட்டென்று காதைத் தூக்கித் திரும்பிப் பார்த்தது.

இவர் காலை உள்ளே எடுத்துக் கதவைச் சாத்தினார். "விடுங்க சரவணன், போகலாம்" என்றார். தளவாய்புரத்தில் இருந்து விருதுநகர் வரும் வரை சரவணன் பாட்டுகூடப் போடவில்லை. வீட்டு வாசலில் சாமான்களை இறக்கிவிட்டு, "வண்டியில நாய் முடி கெடந்தா கம்பெனியில ஐநூறு ரூபா கழிப்பாங்க. நான் கூட்டிருதேன்க்கா, நீங்க உள்ள போங்க" என்றார். தென்னை விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு அவர் வண்டிக்குள் ஏறியதைப் பார்க்க முடியாமல் உள்ளே வந்துவிட்டேன்.

இப்போது ஐப்பசி பிறந்துவிட்டது. மலையில் நல்ல மழை, ஓடை நிறைந்து ஓடுகிறது என்று பேச்சியம்மாள் ஃபோனில் சொல்கிறாள். அவளும் தினமும் பார்க்கிறாள். இவர் ஒருநாள் விட்டு ஒருநாள் காலை பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர் போகிறார், அங்கிருந்து மம்சாபுரம், பிறகு நடை. இருட்டும் முன் திரும்பி வருகிறார். என்ன ஆயிற்று என்று நாங்கள் கேட்பதில்லை. அவர் நடந்து வருவதிலேயே தெரிந்துவிடும். வீட்டில் இப்போது அவர் யாரிடமும் பேசுவதில்லை. பேசிக்கொண்டிருந்த ஒரே ஆளைத்தான் நான் தொலைத்துவிட்டேனே. உறவினர்கள், இன்னொரு குட்டி வாங்கிக் கொடு, சரியாகிவிடுவார் என்கிறார்கள். அதை அவரிடம் சொல்லும் துணிச்சல் எனக்கு இல்லை.

நான் விளக்கு ஏற்றுகிறேன். நின்று கும்பிடுகிறேன். என்ன கேட்பது என்றுதான் தெரியவில்லை. திருப்பிக் கொடு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. பெருமாள் ஒன்றும் பட்டையைக் கழற்றச் சொல்லவில்லை.

கேரவனில் போக நினைப்பவர்களுக்கு: மூன்று நாளைக்கு வாடகை 28,500, ஓட்டுநர் படி 1,800, தோப்புக்கு 3,000. சாப்பாட்டுச் சாமான் வீட்டில் இருந்து கொண்டுபோனால் மிச்சம். இரண்டு குடும்பம் சேர்ந்து போனால் கட்டுப்படியாகும். புரட்டாசி சனிக்கிழமை அந்தப் பக்கம் பெரிய வண்டி வேண்டாம். தோப்பு எடுக்கும்போது கிளை உயரத்தையும், காட்டு விலங்கு நடமாட்டத்தையும் தீரக் கேட்டுக்கொள்ளுங்கள். நாயோடு போனால், கயிற்றை இரண்டாகக் கட்டுங்கள். மலையடியில் நாயை அவிழ்க்கவே அவிழ்க்காதீர்கள். அதன் கழுத்தில் உள்ளதை எந்தக் காரணத்துக்காகவும் கழற்றாதீர்கள்.

இனி கேட்க வந்தது. மம்சாபுரம், செண்பகத்தோப்பு, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், சேத்தூர் பக்கம் இருப்பவர்களே, மலைக்கு மாடு ஓட்டிப் போகிறவர்களே. ஐந்து வயது ஆண் நாய், முழு வெள்ளை, இடது பின்னங்காலில் கட்டைவிரல் அகலத்துக்கு முடி முளைக்காத ஒரு தழும்பு. கழுத்தில் நீலக்கரை போட்ட சேலைக் கிழிசல் இன்னும் இருக்கலாம். பின்னால் நின்று கைதட்டினால் திரும்ப மாட்டான். முன்னால் வந்து நின்றால் வாலாட்டுவான், யாரையும் கடிக்க மாட்டான். நீங்கள் அவனை வைத்துச் சோறு போட்டுக்கொண்டிருந்தால், உங்களுக்குப் புண்ணியம். கேள்வி எதுவும் கேட்காமல் வந்து கூட்டிப்போவோம். வேண்டாம், உங்களிடமே இருக்கட்டும் என்றாலும் சரி, இவர் ஒருமுறை வந்து பார்க்க விட்டால் போதும்.

உயிரோடு இல்லை, ஓடைக்கு அப்பால் எங்கோ கிடந்ததைப் பார்த்தீர்கள் என்றாலும் மறைக்காமல் எழுதுங்கள். அதை அவரிடம் நான் சொல்லிக்கொள்கிறேன். அவர் நாளைக் காலை மறுபடி பஸ் ஏறுவார். இந்தப் பதிவின் கீழேயே, ஒரு வரியானாலும், சீக்கிரம் பதில் எழுதுங்கள்.